பிடிச்சுப்போய் போட்ட ஓட்டு இல்ல: இலங்கை அதிபர் தேர்தலில் வடக்குத் தமிழர்கள் எடுத்த முடிவு



வழக்கமா இங்கே கோயில் வரலாறுதான் எழுதுவேன். இந்த வாரம் கொஞ்சம் மாறி, ஓர் ஓட்டு வரலாறு. காரணம் இருக்கு. அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற இடத்துல நம்ம இளைஞர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "அண்ணே, பதவியில இருக்கிறவரும் சரியில்ல, எதிர்த்து நிக்கிறவரும் சரியில்ல. அப்புறம் எதுக்கு ஓட்டு?"

நியாயமான கேள்விதான். இதுக்கு நான் அறிவுரை சொல்றதைவிட, நம்மைவிட பல மடங்கு கஷ்டத்துல இருந்த தமிழர்கள் இதே கேள்வியை எப்படி எதிர்கொண்டாங்கன்னு சொல்றது நல்லது. இலங்கையின் வடக்கு கிழக்குத் தமிழர்களைத்தான் சொல்றேன். நமக்கு அவங்க அந்நியர் இல்ல. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசாமி கோயில் மாதிரி, யாழ்ப்பாணத்துச் சைவர்கள் இங்கே வந்து எழுப்பின கோயில்கள்ல நாம இன்னைக்கும் கும்பிடுறோம்.

பதிவு நீளமாத்தான் இருக்கும். பொறுமையா படிங்க.

முதல்ல அந்தப் பதவி எப்படிப்பட்டது?

இலங்கையில அதிபரை அவங்க ஜனாதிபதின்னு சொல்வாங்க. 1978-ல ஜே. ஆர். ஜெயவர்தனா கொண்டுவந்த அரசியலமைப்புப்படி அதிபர்தான் எல்லாம். ராணுவம் அவர் கையில், அமைச்சரவை அவர் கையில். மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. செல்லுபடியாகிற ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கணும். ஓட்டுச் சீட்டில் 1, 2, 3 என்று மூணு விருப்பம் வரைக்கும் போடலாம். ஆனா முக்கால்வாசிப் பேர் ஒருத்தருக்குத்தான் போடுவாங்க.

நாடு முழுக்க ஒரே தொகுதி மாதிரி எண்ணுறதால, சிறுபான்மை மக்களோட ஓட்டு ஒரு நேரத்துல ரொம்பப் பெரிசாகும், இன்னொரு நேரத்துல ஒண்ணுமில்லாமப் போகும். பெரும்பான்மை மக்கள் ரெண்டாப் பிரிஞ்சு நின்னாத்தான் அதுக்கு எடை. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னால வரும்.

2005: ஓட்டுப் போடாத தேர்தல்

2005 நவம்பர் 17. மகிந்த ராஜபக்சவும் ரணில் விக்கிரமசிங்கவும் மோதினாங்க. அப்போ வடக்குல புலிகள் இயக்கத்தோட ஆதிக்கம். தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி அழுத்தம் வந்துச்சு. யாழ்ப்பாண மாவட்டத்துல பதிவான ஓட்டு 1 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டினதுதான்.

முடிவு என்ன? மகிந்த 50.29 விழுக்காடு, ரணில் 48.43 விழுக்காடு. வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் ஓட்டு. யாழ்ப்பாணத்துல மட்டும் பதிவு செஞ்ச வாக்காளர்கள் அதைவிடப் பல மடங்கு.

ரணில் வந்திருந்தா எல்லாம் நல்லபடியா நடந்திருக்கும்னு நான் சொல்ல வரல. அது யாருக்கும் தெரியாது. யார் மனசையும் புண்படுத்தவும் எழுதல. கணக்கை மட்டும் சொல்றேன்: ஓட்டுப் போடாம இருந்ததும் அங்கே ஒரு முடிவாத்தான் போச்சு. அதுக்குப் பிறகு நாலு வருஷத்துல நடந்ததை நாம எல்லாரும் தொலைக்காட்சியில பார்த்தோம்.

2010: படைத் தளபதிக்கே ஓட்டு

2009 மே மாசம் போர் முடிஞ்சது. கடைசி மாதங்கள்ல 40,000 பொதுமக்கள் வரைக்கும் இறந்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழு 2011-ல சொன்னது. உயிர் தப்பி வந்தவங்க மூணு லட்சத்துக்கு நெருக்கமானவங்க. அவங்களை வவுனியா பக்கம் செட்டிக்குளத்துல மெனிக் பாம் முகாம்கள்ல கம்பி வேலிக்குள்ள வச்சாங்க.

அந்தக் காயம் ஆறும் முன்னாடியே 2010 ஜனவரி 26-ல் அதிபர் தேர்தல். ஒரு பக்கம் பதவியில இருக்கிற அதிபர் மகிந்த ராஜபக்ச. எதிர்த்து நின்னவர் யார்? சரத் பொன்சேகா. அதே போரை நடத்தின ராணுவத் தளபதி! இந்த நாடு சிங்களவர்களுக்குச் சொந்தம், சிறுபான்மையினர் கூட வாழலாம், ஆனா அளவுக்கு மீறிக் கேட்கக்கூடாதுங்கிற பொருள்ல 2008-ல ஒரு கனடா பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தவர்.

உத்தரவு போட்டவருக்கா, நிறைவேத்தினவருக்கா? அந்த மக்களுக்கு முன்னால இருந்த கேள்வி இதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் புள்ளடி போடணும்னா மனசு என்ன பாடுபட்டிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் சுலபமா முடிவு எடுக்கல. அவங்கள்ல ஒருத்தரான எம். கே. சிவாஜிலிங்கம் ரெண்டு பேரும் வேண்டாம்னு தனியாவே போட்டியிட்டார். இரா. சம்பந்தன் தலைமையில கூட்டமைப்பு ஜனவரித் தொடக்கத்துல பொன்சேகாவை ஆதரிக்கிறதுன்னு அறிவிச்சது. பொன்சேகா நல்லவர்ங்கிறதால இல்ல. கையில ராணுவம், குடும்பம், போர் வெற்றி எல்லாத்தையும் வச்சிருக்கிற ஒருத்தரை இன்னும் பலமாக்கக்கூடாது என்கிற கணக்கு. பொன்சேகாவும் அதிபர் பதவியோட அதிகாரத்தை ஒழிக்கிறேன்னு சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்.

மக்கள் என்ன செஞ்சாங்க? யாழ்ப்பாணத்துல நாலுல ஒருத்தர்தான் ஓட்டுப் போட வந்தாங்க. மனசு வரலன்னு அர்த்தம், முகாமும் இடப்பெயர்வும் இன்னொரு காரணம். ஆனா வந்தவங்கள்ல 64 விழுக்காடு பொன்சேகாவுக்கு, 25 விழுக்காடு மகிந்தவுக்கு. மட்டக்களப்புல பொன்சேகாவுக்கு 69 விழுக்காடு. நாடு முழுக்கப் பார்த்தா மகிந்தவுக்கு 57.88 விழுக்காடு, 18 லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார்.

அதுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்க. தேர்தல் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகல, பிப்ரவரி 8-ல் பொன்சேகாவைக் கைது பண்ணிட்டாங்க. போர் வீரன்னு கொண்டாடின ஆளையே! செப்டம்பர்ல 18-வது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. அதிபர் ரெண்டு தவணைதான் இருக்கலாம்ங்கிற தடை போச்சு. 2013 ஜனவரியில தலைமை நீதிபதி சிராணி பண்டாரநாயக்கவைப் பதவியை விட்டு நீக்கினாங்க. அதே வருஷம் வலிகாமம் வடக்குல 6,381 ஏக்கர் நிலத்தை எடுக்கப் போறோம்னு அறிவிப்பு. 1990-ல அங்கிருந்து விரட்டப்பட்ட ஜனங்க அப்பவும் முகாம்லதான் இருந்தாங்க. மாவிட்டபுரம் கந்தசாமி கோயில், கீரிமலை நகுலேஸ்வரம் எல்லாம் இருக்கிற பகுதி அது. சொந்தக் கோயிலுக்குப் போக ராணுவத்துக்கிட்ட அனுமதி கேட்டு நிக்கிற நிலைமை நமக்கு வந்ததில்ல. வந்தவங்களுக்குத்தான் அந்த வலி புரியும்.

தோத்துப் போனாலும், 2010-ல அந்த மக்கள் பயந்தது சரிதான்னு இதெல்லாம் காட்டுச்சு.

2015: வெற்றிலையா, அன்னமா?

மகிந்தவோட தவணை முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருந்தது. சோதிடர் நல்ல நேரம் குறிச்சுக் கொடுத்தார்னு பேசிக்கிட்டாங்க. 2014 நவம்பர் 20-ல் தேர்தலை அறிவிச்சார். மறுநாளே அவர் அமைச்சரவையில் இருந்த மைத்திரிபால சிறிசேன, அவர் கட்சியோட பொதுச்செயலாளர், எதிரணியின் பொது வேட்பாளரா வந்து நின்னார். முந்தின ராத்திரி மகிந்த கூட உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்டுட்டுப் போனவர்னு இலங்கை முழுக்க அந்தக் கதை பரவிச்சு.

தமிழர்களுக்கு சிறிசேன மேல என்ன நம்பிக்கை இருக்க முடியும்? வரிசையாச் சொல்றேன்.

ஒண்ணு, போரின் கடைசி நாட்கள்ல அதிபர் வெளிநாட்டுல இருந்தப்போ பாதுகாப்பு அமைச்சைப் பார்த்துக்கிட்டவரே இவர்தான். ரெண்டு, சமஷ்டி பத்தியோ வடக்குல ராணுவத்தைக் குறைக்கிறது பத்தியோ எந்த வாக்குறுதியும் இல்ல. மூணு, அவருக்கு ஆதரவா வந்தவங்கள்ல ஜாதிக ஹெல உறுமயவும் ஒண்ணு. தமிழருக்கு அதிகாரப் பகிர்வே கூடாதுன்னு சொல்ற கட்சி. மேடையில இன்னும் யார் யார்? 1995-ல யாழ்ப்பாணத்துக்குள்ள படை போனப்போ அதிபரா இருந்த சந்திரிகா. அப்புறம் அதே பொன்சேகா.

இந்தக் கூட்டத்தோட சேர்ந்து நிக்கணும். கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தோட கட்சி, ரெண்டு பேர்ல யார் வந்தாலும் தமிழருக்கு ஒண்ணுதான், புறக்கணிங்கன்னு சொன்னது. அந்த வாதத்தை லேசா ஒதுக்க முடியாது. உண்மையான கோபம் அது.

கூட்டமைப்பு அவசரப்படல. முன்கூட்டியே சொன்னா, "பாருங்க, தமிழ்க் கட்சியோட ரகசிய ஒப்பந்தம்"னு சிங்களக் கிராமங்கள்ல பிரசாரம் ஆகிடும். அதனால டிசம்பர் 30 வரைக்கும் பொறுத்து, தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் சம்பந்தன் அறிவிச்சார். எழுத்துல ஒப்பந்தம் எதுவும் கிடையாது. தனிநபர் கையில அதிகாரம் குவியறதை நிறுத்தணும்ங்கிறதுதான் முக்கியக் காரணமாச் சொல்லப்பட்டது.

சிங்களப் பக்கமும் மாதுளுவாவே சோபித தேரர்னு ஒரு மூத்த பிக்கு, அதிபர் அதிகாரத்தை ஒழிக்கணும்னு பல காலமா ஊர் ஊராப் பேசிக்கிட்டு வந்தார். பெரும்பான்மை மக்களுக்குள்ளேயே பிளவு வந்தது. 2010-ல இல்லாதது இதுதான்.

மகிந்தவும் சும்மா இருக்கல. டிசம்பர்ல திருப்பதிக்கே போய்ப் பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தார். ஜனவரித் தொடக்கத்துல யாழ்ப்பாணத்துக்கு வந்து மேடையில ஒரு பழமொழி சொன்னார்: தெரியாத தேவதையைவிடத் தெரிஞ்ச பேயே மேல், நான்தான் அந்தத் தெரிஞ்ச பேய், எனக்கே போடுங்க என்கிற மாதிரி. சிரிப்புக்குச் சொன்னாரோ என்னவோ, கேள்வியைச் சரியா அவரே எடுத்துக் கொடுத்துட்டார்.

அந்த மக்களுக்கு சிறிசேன தேவதையாத் தெரியவே இல்ல. பேயை இறக்கினா அடுத்தது யார் வந்தாலும் அவருக்கு அவ்வளவு பலம் இருக்காதுங்கிறதுதான் கணக்கு. சிறிசேனவோட சின்னம் அன்னம், பொன்சேகாவுக்கும் அதேதான். மகிந்தவுக்கு வெற்றிலை. பாலையும் தண்ணியையும் அன்னம் பிரிக்கும்னு நம்ம பெரியவங்க சொல்வாங்க. அந்தத் தேர்தல்ல பிரிச்சுப் பார்த்தது வாக்காளர்கள்தான்.

2015 ஜனவரி 8. இந்தத் தடவை யாழ்ப்பாணத்துல 66 விழுக்காட்டினர் ஓட்டுப் போட்டாங்க. சிறிசேனவுக்கு யாழ்ப்பாணத்துல 74, வன்னியில 78, மட்டக்களப்புல 81 விழுக்காட்டுக்கு மேல். மலையகத் தமிழர் வாழ்ற நுவரெலியாவுலயும் 63 விழுக்காட்டைத் தாண்டிச்சு. முஸ்லிம் மக்களும் அப்படியே போட்டாங்க, 2014 ஜூன் அளுத்கம கலவரம் அவங்க மனசுல இருந்தது.

நாடு முழுக்க சிறிசேன 51.28, மகிந்த 47.58 விழுக்காடு. வித்தியாசம் 4 லட்சத்து 49 ஆயிரம். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு மூணு மாவட்டத்துல மட்டும் சிறிசேனவுக்குக் கிடைச்ச முன்னிலையைக் கூட்டினா கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை வருது. அதே சமயம் சிங்களவர்கள்லயும் லட்சக்கணக்கானோர் மாத்திப் போடலைன்னா இது நடந்திருக்காது. ரெண்டும் உண்மை.

பதவியில இருந்துக்கிட்டே மறுபடி போட்டியிட்டுத் தோத்த முதல் இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்ச. முழு முடிவு வரும் முன்னாடியே, விடியற்காலையில அலரி மாளிகையை விட்டுப் போனார். அன்னைக்குச் சாயங்காலம் சிறிசேன பதவி ஏற்றது க. ஸ்ரீபவன் என்கிற தமிழ் நீதிபதி முன்னிலையில.

என்ன கிடைச்சது, என்ன கிடைக்கல?

கிடைச்சதை முதல்ல சொல்லணும். ஜனங்க வாயைத் திறந்து பேச முடிஞ்சது. வடக்கு மாகாண ஆளுநரா இருந்த முன்னாள் ராணுவ அதிகாரியை எடுத்துட்டு, ராணுவம் சாராத ஒருத்தரைப் போட்டாங்க. ஸ்ரீபவன் தலைமை நீதிபதி ஆனார். வலிகாமம் வடக்குல நிலம் பகுதி பகுதியாத் திரும்ப வந்தது, மயிலிட்டித் துறைமுகம் 2017-ல விடுபட்டது. 2016 பிப்ரவரி 4 சுதந்திர தின விழாவுல, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேசிய கீதம் தமிழ்லயும் பாடப்பட்டது. 2015 ஏப்ரல்ல 19-வது திருத்தம், 225 பேர்ல 212 பேர் ஆதரவோட நிறைவேறிச்சு. ரெண்டு தவணைத் தடை திரும்ப வந்தது. நாடாளுமன்றத்தை நாலரை வருஷத்துக்கு முன்னாடி அதிபர் தன் இஷ்டத்துக்குக் கலைக்க முடியாதுன்னும் ஆச்சு.

கிடைக்காதது இன்னும் பெரிசு. அரசியல் தீர்வு வரல. போர்க் குற்ற விசாரணை வரல. பயங்கரவாதத் தடைச் சட்டம் போகல. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுற தாய்மார்கள் 2017 பிப்ரவரி 20-ல் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னாடி போராட்டத்துக்கு உட்கார்ந்தாங்க. ஓட்டுப் போட்டு ரெண்டு வருஷம் கழிச்சும் பதில் இல்லாததாலதான் முருகன் வாசலுக்கு வந்தாங்க. அந்தத் தாய்மார்கள்கிட்ட போய் "நீங்க போட்ட ஓட்டு ஜெயிச்சதே"ன்னு யாரால சொல்ல முடியும்?

2018: ஓட்டு வாங்கினவரே மாறினப்போ

2018 அக்டோபர் 26. யாரைத் தோற்கடிக்க அந்த மக்கள் வரிசையில நின்னாங்களோ, அதே மகிந்த ராஜபக்சவையே சிறிசேன பிரதமரா நியமிச்சார்! நாடாளுமன்றத்தையும் கலைச்சார். அன்னைக்கு எத்தனை பேர் "இதுக்கா ஓட்டுப் போட்டோம்"னு தலையில அடிச்சுக்கிட்டிருப்பாங்க.

ஆனா கதை அங்க முடியல. கூட்டமைப்பும் மத்தவங்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. டிசம்பர் 13-ல் ஏழு நீதிபதிகள் ஒருமனதாத் தீர்ப்பு சொன்னாங்க: கலைச்சது செல்லாது. எந்தச் சட்டத்தை வச்சு? 2015-ல வந்த அந்த 19-வது திருத்தத்தை வச்சுத்தான்.

நான் தொழிற்சாலையில சூப்பர்வைசர். எங்க லைன்ல ஒவ்வொரு மெஷினிலும் சிவப்பு நிறத்துல எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் இருக்கும். ஆபரேட்டர் நல்லவரா, கவனக்குறைவானவராங்கிறது வேற விஷயம், யார் ஓட்டினாலும் அந்தப் பட்டன் வேலை செய்யணும். 2015-ல தமிழர்கள் போட்ட ஓட்டு நல்ல ஆபரேட்டரைக் கொண்டுவரல. ஆனா கழட்டி எறிஞ்சிருந்த பட்டனைத் திரும்ப மாட்டிச்சு. மூணு வருஷம் கழிச்சு அதே ஆபரேட்டரை நிறுத்த அதுதான் உதவிச்சு. இந்த வரலாற்றுல நான் பார்க்கிற முக்கியமான விஷயம் இது.

அந்தப் பட்டனும் சும்மா நிலைச்சு நிக்காது. 2019 நவம்பர்ல வடக்கு கிழக்குத் தமிழர்கள் அதே மாதிரி கோத்தபாய ராஜபக்சவுக்கு எதிராத்தான் போட்டாங்க, யாழ்ப்பாணத்துல 80 விழுக்காட்டுக்கும் மேல. ஆனா அந்த வருஷ ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு சிங்கள ஓட்டு பெரும்பாலும் ஒரே பக்கம் போச்சு. கோத்தபாய 52.25 விழுக்காட்டில் வந்தார். 2020-ல 20-வது திருத்தம் கொண்டுவந்து அதிகாரத்தை மறுபடி எடுத்துக்கிட்டார். 2022 ஜூலையில பொருளாதாரம் கவிழ்ந்து, மக்கள் திரண்டு, மாலத்தீவு வழியா சிங்கப்பூர் வந்து அங்கிருந்தே பதவி விலகினார். அது தனிக் கதை.

நமக்கு என்ன?

நம்ம நாட்டுலயும் 2018 மே 9-ல எத்தனையோ பேர் இதே மனசோட வரிசையில நின்னாங்க. அதுக்குள்ள நான் போகல, இந்தப் பதிவுக்குக் கீழே கட்சிச் சண்டை வேண்டாம். இது ஆலயத்துப் பக்கம்.

நான் எடுத்துக்கிட்டது என்னன்னு மட்டும் சொல்றேன். ஓட்டு என்கிறது ஒருத்தர் பேருக்கு அர்ச்சனை பண்றது இல்ல. அர்ச்சனைன்னா மனசு முழுக்க பக்தி வேணும். ஓட்டுக்கு அது தேவையில்ல. பொன்சேகாவுக்குப் போட்ட அந்தத் தாய் அவரை மன்னிச்சுட்டுப் போடல. மன்னிக்காமலேயே போட்டாங்க, அதுல தப்பில்ல.

மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. பதவியில இருக்கிறவர் தொடர்ந்தா அவரைத் தடுக்க ஏதாவது மிச்சம் இருக்குமா? எதிர்த்து நிக்கிறவர் தப்புப் பண்ணினா அவரைத் தடுக்க முடியுமா? அவர் ஜெயிச்ச மறுநாள் கேள்வி கேட்க நாம தயாரா இருக்கோமா? மூணாவதுக்கு "இல்லை"ன்னா, முதல் ரெண்டையும் கேட்டுப் பிரயோசனம் இல்ல. கூட்டமைப்பு மேல பலருக்கு இன்னைக்கும் இருக்கிற கோபம், ஓட்டுப் போடச் சொன்னதுக்கு மட்டும் இல்ல. போட்ட பிறகு போதுமான அளவு நெருக்கடி கொடுக்கலைங்கிறதுக்கும்தான்.

நாட்டுத் தேர்தலுக்கு மட்டும் சொல்லல. சங்கம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலயப் பொதுக்கூட்டம் எல்லாத்துக்கும் பொருந்தும். பிடிக்கலன்னு வீட்டுல உட்கார்ந்துட்டு, பிறகு வாட்ஸ்அப்ல புலம்புறது நம்ம ஆளுங்களுக்குப் பழக்கமாப் போச்சு.

கடைசியா இளைஞர்களுக்கு ஒரு வேலை. 18 வயசாச்சுன்னா இப்போ உங்க பேர் தானாவே வாக்காளர் பட்டியல்ல வந்துடும். ஆனா அடையாள அட்டையில இருக்கிற முகவரிப்படிதான் வரும். வீடு மாறியிருந்தா போய் மாத்திடுங்க, தேர்தல் ஆணையத்தோட பக்கத்துல உங்க பேரைத் தேடிப் பாருங்க. 2010-ல சரத் பொன்சேகாவுக்கு என்ன நடந்தது தெரியுமா? அதிபர் வேட்பாளரா நின்னவர், தேர்தல் அன்னைக்குத் தன் பேர் பட்டியல்லயே இல்லாம ஓட்டுப் போட முடியாமப் போனார்.

 வெள்ளிக்கிழமை பூஜையில சந்திப்போம். முருகன் துணை.